காத்திருக்க ஆள் வைக்கும் கலை

"மெமரிதான் இப்ப சல்லிசா கிடைக்குதே தாத்தா. இன்னும் நூறு திரெட் போட்டா என்னா கெட்டுப்போச்சு?"

எங்கள் தெருப் பையன் ஒருவன் கேட்டது இது. கணினிப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறான். கெட்டிக்காரன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து அனுப்பியவர்கள் மேல்தான் கோபம், அதைத்தான் இன்று கொட்டித் தீர்க்கப்போகிறேன். கம்ப்யூட்டர் சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். டெலிபோனில் பேசிய அனுபவம் உள்ள எல்லோருக்கும் இது புரியும்.

விஷயம் இதுதான். ஒரு நிரல், ஒரே நேரத்தில் பல தளங்களிலிருந்து தகவலை இறக்கிக்கொண்டு வரவேண்டும். எங்கள் பையனின் நிரலுக்கு 240 முகவரிகள். கடலூரிலிருந்து கோடியக்கரை வரை கடலோரத்துப் பல இடங்களுக்கான காற்று, அலை, மழை விவரங்கள், கூடவே சில துறைமுகங்களின் மீன் விலை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரட்டி, சுருக்கமாகத் தமிழில் ஒரு செய்தியாக்கி, மீனவர் கிராமங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பும். நல்ல வேலை. பாராட்டி, பேனா வாங்கிக் கொடுத்தேன்.

இந்த இறக்குமதி வேலையில் பெரும்பகுதி காத்திருப்பு. கேள்வியை அனுப்பிவிட்டால் பதில் வரக் கால் நொடி ஆகலாம், மூன்று நொடி ஆகலாம், வராமலே போகலாம். அந்தக் கால் நொடியில் நம் மேசைமேல் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டர் கோடிக்கணக்கான கட்டளைகளை முடித்துவிடும். அப்படியானால் காத்திருக்கும் நேரத்தில் அது என்ன செய்யவேண்டும் என்பதுதான் கேள்வி.

கல்லூரியில் சொல்லிக்கொடுக்கும் விடை: ஓர் இணைப்புக்கு ஒரு திரெட். திரெட் என்றால் நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முகவரிக்கும் ஓர் ஆளை அனுப்பு, பதில் வரும்வரை அவன் அங்கேயே வாசலில் நிற்கட்டும். நூறு முகவரி என்றால் நூறு பேர். நூறு பேரும் வாசலில் நின்று ஆகாயத்தைப் பார்க்கட்டும்.

நான் 1970-களில் டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டராகச் சேர்ந்தவன். அந்தக் காலத்துக் காரைக்காலை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேயாவிலோ இருப்பார், அடுத்த வீட்டில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குபவர் இருப்பார், அவர் மகன் பாரிசில் இருப்பான். எல்லோருக்கும் ட்ரங்க் கால் வேண்டும். ட்ரங்க் போர்டில் உட்கார்ந்திருந்தவர்கள் ஓரிருவர்தான். ஒரு காலுக்கு ஓர் ஆபரேட்டர் என்று இலாகா ஆள் எடுத்திருந்தால், எக்ஸ்சேஞ்சுக்கு அரசலாற்றங்கரை முழுவதும் கட்டடம் கட்டியிருக்க வேண்டும்.

எப்படிச் சமாளித்தோம்? ஒருவர் கால் புக் செய்ததும் ஒரு டிக்கெட் எழுதுவோம். எந்த நம்பர், எந்த ஊர், எத்தனை மணிக்குக் கேட்டார், ஆர்டினரியா அர்ஜென்டா லைட்னிங்கா. எழுதியதும் "வச்சிடுங்க சார், கிடைச்சதும் கூப்பிடுறோம்" என்று சொல்லிவிடுவோம். கவனியுங்கள், கூப்பிடுகிறோம் என்றுதான் சொன்னோம். இன்று நிரலாளர்கள் 'கால்பேக்' என்று பெரிய தத்துவம்போல் பேசுவது இதைத்தான். அந்த டிக்கெட்டை அதன் இடத்தில் செருகிவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். போர்டில் எந்த விளக்கு எரிகிறதோ அந்த லைனுக்கு மட்டும் கை போகும். எரியாத விளக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டி "இருக்கீங்களா, இருக்கீங்களா" என்று யாரும் கேட்டதில்லை. இன்னொரு கண் கடிகாரத்தின் மேல். "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணவா?" என்று பேச்சின் நடுவே புகுந்து உங்களில் பலரிடம் திட்டு வாங்கியவன் நான்.

விளக்கு, கடிகாரம், டிக்கெட். ஓர் ஆபரேட்டர் பல கால்களைச் சமாளித்த வித்தை முழுவதும் இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது.

இப்போது பையன் கதைக்கு வருகிறேன். 2024 நவம்பர் கடைசி வாரம். ஃபெஞ்சல் புயல் வங்கக் கடலில் நகர்வதும் நிற்பதுமாக எல்லோரையும் படுத்திய நாட்கள். காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே என்று சொன்னார்கள். கடைசியில் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. அந்த நாட்களில் எல்லோரும் அலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்தால் எந்தத் தளமும் திணறத்தான் செய்யும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

பையனின் நிரலில் 12 திரெட். வாடகை சர்வர் சின்னது என்பதால் 12 போதும் என்று வைத்திருந்தான். லிப்கர்ல் என்ற நிரல் நூலகத்தின் எளிய வகையை ஒவ்வொரு திரெட்டும் கூப்பிடும். அந்த 'ஈசி பெர்ஃபார்ம்' கட்டளையைக் கொடுத்தால் இறக்கி முடிக்கும்வரை அது திரும்பி வராது. லிப்கர்ல் தானாக வைத்திருக்கும் காலக்கெடு என்ன தெரியுமா? இணைப்பு கிடைக்க 300 நொடி. இணைப்பு கிடைத்தபின் மொத்த வேலைக்குக் கெடுவே கிடையாது, நாமாக வைத்தால்தான் உண்டு. அன்று பல தளங்கள் இணைப்பைக் கொடுத்துவிட்டு மௌனமாகிவிட்டன. ஒவ்வொரு திரெட்டாகப் போய் ஒவ்வொரு வாசலில் நின்றது. பன்னிரண்டாவதும் போய் நின்றபின் நிரலில் வேலை செய்ய ஆள் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. செத்துப்போயிருந்தால் தானாக மறுபடி எழுப்பிவிட ஏற்பாடு இருந்தது, சாகவில்லையே.

கிராமக் குழுவில் காலை வந்த அலை உயரம்தான் மாலையிலும் கடைசிச் செய்தி. கடலுக்குப் போகவேண்டாம் என்ற எச்சரிக்கை முன்பே இருந்ததால் படகுகள் கரையில்தான் இருந்தன. ஆனால் படகை இன்னும் மேலே இழுக்கவேண்டுமா, வலைகளையும் எஞ்சினையும் எப்போது அப்புறப்படுத்துவது என்று அந்தச் செய்தியைப் பார்த்து முடிவெடுக்கக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த கரை இது. இங்கே செய்தி வராவிட்டால்கூட ஆட்கள் தாங்களாகவே உஷாராகிவிடுவார்கள். பழைய செய்தி புதுசுபோல் உட்கார்ந்திருந்தால்தான் ஆபத்து.

அதற்கப்புறம் பையன் ஆலோசனை கேட்ட இடத்தில் சொன்னார்களாம்: "நாலு மடங்கு பெரிய சர்வர் எடு, நூறு திரெட் போடு." சொன்னவர் பெயர் எனக்கு வேண்டாம். அந்த மாத வாடகை, படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கும் ஒரு தகப்பனின் பையிலிருந்து போகவேண்டும். மெமரி சல்லிசு என்ற வாக்கியம் யார் வாயில் வருகிறது, யார் காசில் முடிகிறது என்று பாருங்கள்.

டைம் அவுட் வைத்தால் சரியாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயம் வைக்கவேண்டும், எந்த முறையிலும். ஆனால் கணக்குப் போடுங்கள். 240-ல் பாதி, அதாவது 120 தளங்கள் மௌனம். ஒவ்வொன்றுக்கும் 60 நொடிக் கெடு. 120 பெருக்கல் 60, வகுத்தல் 12. அறுநூறு நொடி. பத்து நிமிடம் முழுக்க மௌனச் சாமிகளுக்கே போய்விடுகிறது. ஒழுங்காகப் பதில் சொல்லத் தயாராக இருக்கும் மற்ற 120 தளங்களும் அந்த வரிசையில் பின்னால் நிற்கவேண்டும். ஆர்டினரி கால் ஒன்று கிடைக்கவில்லை என்பதற்காக லைட்னிங் காலை நிறுத்திவைத்த கதை.

240 திரெட் போட்டால் அந்த வரிசை இருக்காது. ஒப்புக்கொள்கிறேன். திரெட் ஒன்றுக்கு 8 எம்பி மெமரி காலி என்று சிலர் பயமுறுத்துவதும் சரியல்ல. லினக்சில் அது ஒதுக்கிவைக்கும் முகவரி அளவு, தொட்ட பக்கங்கள் மட்டும்தான் உண்மையில் செலவு. என் பக்கத்து வாதம் என்பதற்காகப் பொய்க் கணக்கைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன். நிஜமான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 240 பேரும் கொண்டுவருவதை ஒரே அட்டவணையில் எழுதவேண்டும். இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் குளறுபடி, எனவே பூட்டு. பூட்டை ஒருவன் பிடித்துக்கொண்டு இன்னொரு பூட்டுக்குக் காத்திருந்தால் இருவரும் அம்போ. இந்த வகைப் பிழை தினமும் வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கூட்டம் அதிகமான நாளில் வரும். அதாவது புயல் நாளில்.

லிப்கர்லை எழுதியவர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். சுவீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் 1998-ல் கர்ல் என்ற பெயரில் வெளியிட்ட கருவி. நூலக வடிவம் 2000-ல் வந்தது. அதில் எளிய வகைக்கு மேலே 'மல்டி' என்று ஒரு வகை உண்டு. ஒரே திரெட்டில் எத்தனை இறக்குமதிகளையும் சேர்த்து நடத்தலாம். ஆனால் அதன் முதல் வடிவம், 1983-ல் பெர்க்லி யூனிக்சோடு வந்த 'செலக்ட்' என்ற பழைய முறையை நம்பியது. செலக்ட் என்றால் எல்லா லைன்களின் பட்டியலையும் ஒவ்வொரு முறையும் கெர்னலிடம் முழுசாக நீட்டி, எதில் விளக்கு எரிகிறது என்று கேட்பது. லினக்சில் வழக்கமான உச்சவரம்பு 1024. பட்டியல் நீள நீள, தேடுவதே வேலையாகிவிடும்.

1999-ல் டான் கெகல் என்பவர் ஒரு கேள்வியை எழுதிவைத்தார்: ஒரு சர்வர் பத்தாயிரம் பேரை ஒரே நேரத்தில் ஏன் சமாளிக்க முடியாது? வன்பொருளுக்கு அந்தச் சக்தி வந்துவிட்டது, மென்பொருள் முறைதான் தடை என்றார். ஃப்ரீபிஎஸ்டியில் 2000-ல் 'கேக்யூ' வந்தது. லினக்சில் 'ஈபோல்' 2002-ல் சோதனைக் கெர்னலுக்கும், 2003 டிசம்பரில் 2.6 வழியாக எல்லோருக்கும் வந்தது. எந்த லைனைப் பார்க்கவேண்டும் என்று ஒருமுறை பதிவு செய்துவிட்டால் போதும். அப்புறம் எரிகிற விளக்குகளின் பெயரை மட்டும் கெர்னல் சொல்லும். போர்டில் ஆயிரம் லைன் இருந்தாலும் மூன்று எரிந்தால் மூன்றைத்தான் பார்ப்பீர்கள்.

2006-ல் லிப்கர்லில் இதற்கேற்ற முறை சேர்ந்தது. 'மல்டி சாக்கெட் ஆக்‌ஷன்' என்று பெயர். இதன் அழகைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நாம் லிப்கர்லுக்கு இரண்டு கால்பேக் கொடுக்கிறோம். ஒன்றின் வழியாக அது சொல்லும்: இந்த லைனில் படிக்க ஏதாவது வருகிறதா என்று பார், அந்த லைனில் எழுத இடம் இருக்கிறதா என்று பார், இந்த லைனை இனிமேல் பார்க்கவேண்டாம். இன்னொன்றின் வழியாக: இத்தனை மில்லி நொடி கழித்து என்னை எழுப்பு. மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கடிகாரம். நாம் ஈபோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். விளக்கு எரிந்தால் எந்த லைன் என்று லிப்கர்லிடம் சொல்வோம், கடிகாரம் அடித்தால் நேரம் ஆச்சு என்று சொல்வோம். அது தன் வேலையைச் செய்துவிட்டு உடனே திரும்பிவிடும். முடிந்த டிக்கெட் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டு எடுத்துக்கொள்வோம். விளக்கு, கடிகாரம், டிக்கெட். நான் போர்டில் உட்கார்ந்து செய்த வேலையை இவர்கள் சி மொழியில் எழுதியிருக்கிறார்கள்.

எல்லாம் ஒரே திரெட்டில் நடப்பதால் அட்டவணைக்குப் பூட்டும் வேண்டாம். 240 கேள்வியும் ஒன்றாகக் கிளம்பும். பதில் தருபவை சில நொடிகளில் வந்து சேரும். மௌனமானவை 60 நொடி ஆனதும் ஒன்றாகச் சேர்ந்து கைவிடப்படும். ஒரே தளத்தில் ஐம்பது கேள்விகள் இருந்தால் அங்கே போய் ஐம்பது கதவைத் தட்டக்கூடாது, ஒரு தளத்துக்கு இத்தனை இணைப்புதான் என்று வரம்பு வைக்க லிப்கர்லிலேயே வழி இருக்கிறது. புயல் நாளில் திணறிக்கொண்டிருப்பவனை மேலும் மிதிக்காமல் இருப்பது அடிப்படை மரியாதை.

நான்கு மாலை உட்கார்ந்து பையனும் நானும் மாற்றி எழுதினோம். அதே சின்ன சர்வர்தான். நடுநடுவே அவன் அம்மா கொடுத்த சுக்குக் காப்பி தனிக் கணக்கு.

இந்த முறை புனிதமானது என்று நான் சொல்லவில்லை. இதற்குள்ளும் குழிகள் உண்டு. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேலைக்கு இயங்குதளம் தரும் வழக்கமான கட்டளை வாசலில் நிற்கும் ஜாதி. அதனால் லிப்கர்லே அதற்கு மட்டும் மறைவாகத் திரெட் போட்டுக்கொள்கிறது, அல்லது சி-ஏர்ஸ் என்ற துணை நூலகத்தை வைத்துக்கொள்கிறது. வட்டில் இருக்கும் சாதாரணக் கோப்பை ஈபோல் ஏற்றுக்கொள்வதே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குழி, கால்பேக்கின் உள்ளேயே நீண்ட வேலை செய்வது. பையன் முதலில் அதைத்தான் செய்தான், வந்த தகவலை அங்கேயே பிரித்து, தமிழாக்கி, படம் வரைந்து... ஓர் ஆபரேட்டர் ஒரு சந்தாதாரரிடம் மகள் கல்யாண விஷயத்தை விசாரித்துக்கொண்டிருந்தால் போர்டு முழுக்க விளக்கு எரியும். அப்படிப்பட்ட வேலைக்குத் தனித் திரெட் வைப்பது நியாயம். உழைக்க ஆள் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காத்திருக்க ஆள் வைப்பதில்தான் சண்டை.

படித்தவர்கள் சிலர் வேறொரு எதிர்வாதம் வைப்பார்கள். "கோ மொழியில் லட்சம் கோரூட்டீன் போடலாம், ஜாவா 21-ல் 2023-லிருந்து விர்ச்சுவல் திரெட் இருக்கிறது, நீங்கள் இன்னும் பழைய காலத்தில் இருக்கிறீர்கள்." ஐயா, அவற்றின் அடியில் ஓடுவது என்ன? கோ மொழி லினக்சில் நெட்வொர்க்குக்கு ஈபோலைத்தான் பயன்படுத்துகிறது. மேலே எழுதுபவருக்கு ஓர் இணைப்புக்கு ஓர் ஆள் என்று தோன்றும்படி எழுத வசதி, அடியில் ட்ரங்க் போர்டு. எழுதச் சுலபமாக இருப்பதை நான் மறுக்கவில்லை, அந்த மொழியில் எழுதுபவர்கள் தாராளமாக எழுதட்டும். வாட்ஸ்அப் 2012 ஜனவரியில் ஒரே சர்வரில் இருபது லட்சத்துக்கு மேல் இணைப்புகளைத் தாங்கியதாகச் சொன்னபோது அடியில் இருந்தது எர்லாங் மொழி. எரிக்சன் கம்பெனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக்கிய மொழி அது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணித மேதை எர்லாங், எத்தனை கால் வந்தால் எத்தனை லைன் போதும் என்று 1909-லேயே கணக்கு எழுத ஆரம்பித்தவர். பழைய காலம் என்று சொல்கிறவர்கள் அதே பழைய காலத்தின் மேல் உட்கார்ந்துதான் குட்மார்னிங் படம் அனுப்புகிறார்கள்.

பத்துக் கோப்பு இறக்க நாலு திரெட் போட்டால் நான் கேட்க வரமாட்டேன். என் ஆட்சேபணை, வேறு வழி இருப்பதையே சொல்லாமல் பட்டம் கொடுப்பது. பையன் காட்டிய நெட்வொர்க் லேப் நோட்டில் ஆறு பயிற்சிகள் இருந்தன. ஆறிலும் சர்வர் உடனே பதில் சொல்கிறது. சர்வரும் கிளையண்டும் ஒரே மேசையில், ஒரே கம்ப்யூட்டரில் ஓடுகின்றன. மௌனம் என்ற ஒன்றை அந்தப் பிள்ளைகள் நாலு வருடத்தில் ஒரு நாள்கூட லேபில் சந்தித்ததில்லை. நீச்சல் பயிற்சியைப் பாயில் படுக்கவைத்துக் கொடுத்தால் இப்படித்தான். கேட்டால் பாடத்திட்டம் மேலிருந்து வருகிறது என்பார்கள். பாடத்திட்டத்தில் சாக்கெட் என்ற சொல் இருக்கிறது, அதற்குள் எதைச் செய்யவைப்பது என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது.

செலவில்லாத பயிற்சி ஒன்று சொல்கிறேன், விருப்பமுள்ள ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளலாம். நெட்கேட் என்று ஒரு சின்னக் கருவி எல்லா லினக்சிலும் கிடைக்கும். அதை ஒரு போர்ட்டில் திறந்து வைத்துவிட்டு எதுவும் தட்டாமல் சும்மா விடுங்கள். இணைப்பைக் கொடுக்கும், ஒரு வார்த்தை பேசாது. இப்படிப் பத்து மௌனச் சாமிகளையும் ஒழுங்காகப் பதில் சொல்லும் பத்து சர்வர்களையும் கலந்து இருபது முகவரி கொடுங்கள். திரெட் எண்ணிக்கை ஒன்று. ஒழுங்கான பத்துப் பதில்களும் ஐந்து நொடிக்குள் கையில் இருக்கவேண்டும், மௌனமான பத்தின் பெயர்களும் இருபது நொடிக்குள் தனியாக அச்சாகவேண்டும், கடைசியாகக் கிடைத்த தகவல் எத்தனை மணிக்குக் கிடைத்தது என்பதும் பக்கத்திலேயே தெரியவேண்டும். பையனின் செய்தியில் இப்போது அந்த நேரம் முதல் வரியில் வருகிறது. மற்றதை எல்லாம் விட்டாலும் அதை மட்டும் விடாதே என்று சொல்லியிருக்கிறேன்.